ராசாவுக்கு விட்டு வைத்த கல்

தம்பட்டம் அடிக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மனசுக்கு லேசாக இருக்கும். பிற்பாடு ஆளுக்கொரு விதமாகக் கதை கட்டினார்கள். தம்பட்டக்காரர் மேல் பழி போட்டார்கள், என் கணவர் மேல் போட்டார்கள், காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா மருந்து தலைக்கேறியதால் வந்த வினை என்றுகூட ஒருவர் சொன்னார். எல்லாம் பொய். ராஜா வருகிறார் என்று கொல்லிமலையில் பாதியை முழங்க வைத்தவள் நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும், பாட்டு நாக்கு நுனியில் இருக்கும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது. முள்ளுக்குறிச்சியில் மாட்டு வண்டியை விட்டு இறங்கினால் அங்கிருந்து நடைதான். என் கணவர் கம்பவுண்டர். மலைக்காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க அவரை மிஷன் ஆஸ்பத்திரி மலைமேல் பல ஊர் சேர்ந்த எடப்புளி நாட்டுக்கு அனுப்பியது. அவர் மருந்து கொடுக்கட்டும், நீ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடு என்று என்னையும் கூடவே ஏற்றிவிட்டார்கள். ராசிபுரம் பக்கத்துச் சமவெளியில் பிறந்தவளுக்கு அந்த ஏற்றம் சாமானியமில்லை. பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, இனி ஒரு அடி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கணவர் கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தார். பசி எடுத்ததும் நானும் நடந்தேன்.

பள்ளிக்கூடம் என்று கொடுத்தது மிளகு காயப் போடுகிற ஒரு புல் கொட்டகை. பிள்ளைகள் பதினாலு பேர். மழை நாளில் ஒன்பது பேர். அந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் வாசல் இடுப்புயரம்தான். காற்றுக்கும் குளிருக்கும் அப்படிக் கட்டுகிறார்கள். குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. நான் முதல் மாதம் முழுக்கத் தினமும் இரண்டு முறை நெற்றியை இடித்துக்கொண்டேன். "வாத்தியாரம்மா மறுபடியும் கும்பிடு போட்டுட்டாங்க" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எங்கள் வேதமான பைபிளில் எனக்கு உயிர் சங்கீதங்கள்தான். நூற்றைம்பது பாட்டு. அழுகிற பாட்டு உண்டு, திட்டுகிற பாட்டு உண்டு, நன்றி சொல்கிற பாட்டு உண்டு. நான் சின்ன வயதிலிருந்தே ராஜா பாட்டுகளின் பக்கம். அதில் இரண்டு தினுசு. ஒன்றில் மனித ராஜா. சிங்காசனத்தில் இருக்கிற அவன் ஏழை வழக்கை நியாயமாகத் தீர்க்கட்டும், இல்லாதவன் கூப்பிட்டால் காது கொடுக்கட்டும் என்று ஜனங்கள் அவனுக்காக வேண்டிக்கொள்வார்கள். இன்னொன்றில் கடவுளே ராஜா. அவர் உலகத்துக்கு நியாயம் தீர்க்க வருகிறார் என்று கேட்டதும் ஆறுகள் கைதட்டும், மலைகள் கூடிக் கும்மாளம் போடும். சிறுமியாக இருக்கும்போதே இது எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊருக்குத் தாசில்தார் வந்தால் கோழிகூட ஒளிந்துகொள்ளும். வழக்குத் தீர்க்க வருகிறவரைப் பார்த்து யாராவது சந்தோஷப்படுவார்களா? அந்தப் பாட்டில் படுகிறார்கள். அப்படிப்பட்ட ராஜாவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிள்ளைகளுக்கு ராஜாவைப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இந்த மலையை ஒரு காலத்தில் வில்லாளி ராஜா ஒருவர் ஆண்டாராம். ஆனால் அவரைப் பற்றிக் கீழ்நாட்டுக்காரர்கள்தான் வாய் ஓயாமல் பேசுவார்கள். மலையில் இருப்பவர்களுக்கு மிளகுக் கொடியை மரத்தோடு கட்டவே நேரம் போதாது. கடைசியில் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் காட்டி, இவர்தான் ராஜா என்றேன். நாணயம் கை மாறி மாறிப் போனது. ஒரு பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்துக்குக் கீழ ஒண்ணுமில்லீங்களே, இவரு எப்படீங்க நடந்து வருவாரு?" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் வரமாட்டார், நம் பாட்டில் இருக்கிற ராஜா வருவார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

புத்தகத் தமிழ் அவர்களுக்கு எட்டவில்லை. அதனால் சங்கீதத்தை அந்த ஊர்ப் பேச்சிலேயே நான் கட்ட ஆரம்பித்தேன். ஒரு சங்கீதத்தில் ராஜா வருகிறபோது வாசல்களைப் பார்த்து, தலையைத் தூக்குங்கள் என்று சொல்வார்கள். சின்ன வயதில் நான் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். வாசல் எப்படித் தலையைத் தூக்கும்? எங்கள் ஊரில் கதவு பக்கவாட்டில்தான் திறக்கும். மலையில் அதைச் சொன்னதும் பிள்ளைகள் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அங்கே விதைக்கிற காட்டுக்கு வேலி போட்டு, நுழைகிற இடத்தில் மூங்கில் படல் ஒன்றை மேல் கொம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். திறப்பதென்றால் அதைக் கீழிருந்து மேலே தூக்கி, ஒரு கவட்டைக் குச்சியால் முட்டுக் கொடுக்க வேண்டும். "படலைத் தூக்குன்னு சொல்லுறாங்க" என்று ஆறு வயசுப் பெண் ஒருத்தி எனக்கே அர்த்தம் சொன்னாள். இத்தனை வருஷம் புரியாமல் பாடியது அன்றைக்குப் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

பாட்டை இப்படி வைத்தேன். பாதிப் பிள்ளைகள் "படலே படலே தலையத் தூக்கு, ராசா வாராரு" என்று பாட வேண்டும். அந்த ஆறு வயசுப் பெண் மட்டும் தனியாக எழுந்து நின்று, "யாரு அந்த ராசா?" என்று அதட்டிக் கேட்க வேண்டும். மீதிப் பிள்ளைகள் "எளியவன் வழக்கைக் கேக்குற ராசா, எல்லாத்துக்கும் ராசா" என்று பதில் சொல்ல வேண்டும். அவள் கேட்கிற அழகுக்காகவே கொட்டகைக்கு வெளியே ஆட்கள் நிற்பார்கள். காவல்காரன் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் முப்பது வயசு மதிக்கத்தக்க பெண். ஊற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வருவார், பாட்டு முடியும்வரை குடத்தை இறக்காமலே நிற்பார். அவருடைய புருஷன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒரு காடு உண்டு, நல்ல சாமை விளைகிற மண். அதற்கு ஏர்மாடு போக ஒரே ஒரு தடம், கொழுந்தனார் காட்டு ஓரமாகத்தான். புருஷன் போனதும் கொழுந்தனார் அந்தத் தடத்தில் படல் ஒன்றைக் கட்டி, கயிற்றால் இறுக்கிவிட்டார். மாட்டை விட்டுவிட்டுப் பாறை மேல் கையும் காலும் ஊன்றி ஏறினால் ஆள் போகலாம், ஏர் போகாது. இரண்டு மழை விதைக்காமல் போய்விட்டது. மூன்று மழை விதைக்காமல் கிடந்த காடு பங்காளிக்குப் போகும் என்பது அவர்கள் வழக்கம். இது மூன்றாவது மழை. வைகாசி பிறந்துவிட்டது.

அந்தக் கொழுந்தனாரின் மகள்தான் இடுப்பில் கை வைத்துக் கேட்கிற என் ஆறு வயசுக்காரி.

நாட்டுக் கூட்டத்தில் முறையிட வேண்டியதுதானே என்று நான் துள்ளினேன். கூட்டமே நடக்கவில்லை என்றார் அந்தப் பெண். நாட்டுக்குப் பட்டக்காரர்கள் இரண்டு பேர். வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற தலைவர்கள் அவர்கள். மேலூரில் ஒருவர், கீழூரில் ஒருவர். கூட்டம் கூடுகிற இடத்தில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. அதில் யார் முதலில் உட்காருவது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, மூன்று வருஷமாக இரண்டு பேரும் கூட்டம் கூப்பிடுவதே இல்லை. கல் வெயிலில் காய்ந்து கிடந்தது. ராசிபுரம் தாலுகா கச்சேரிக்கு இறங்கிப் போக அந்தப் பெண்ணுக்கு வழியும் தெரியாது, துணைக்கு ஆளும் கிடையாது.

ஒரு நாள் குடத்தோடு நின்றவர் என்னைக் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, அந்த ராசா பொம்பளை வழக்கும் கேப்பாருங்களா?"

"கேட்பாரா? புருஷன் இல்லாதவளுக்கும் அப்பன் இல்லாத பிள்ளைக்கும் அவர்தான் முதலில் நிற்பார். வேதத்தில் எழுதியிருக்கிறது" என்றேன்.

"கல்லுல யாரு மொதல்ல உக்காரதுன்னு சண்டை போட மாட்டாருங்களா?"

"அவருக்கு என்னத்துக்குச் சண்டை? எல்லாக் கல்லும் அவருடையதுதான்."

அவர் குடத்திலிருந்து தண்ணீர் வழிந்து தோளில் இறங்கியது. "சரிங்க, வாரேனுங்க" என்று போய்விட்டார்.

அந்த வாரம்தான் எனக்குத் தம்பட்ட ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஊர் முன்னால் பாடப் போகிறார்கள். ராஜா வருகிற பாட்டுக்கு வெறும் கைத்தாளம் எப்படிப் போதும்? ஊர்த் தம்பட்டக்காரரைத் தேடிப் போனேன். காய்ச்சல் மருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறவர், நல்ல மனுஷர். அவர் எங்கே இருந்தார் தெரியுமா? அந்தக் குடத்துக்காரப் பெண்ணின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ராகிக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அதைக் கவனித்தேன், யோசிக்கவில்லை.

"ராசா வாரதுக்குன்னு எங்ககிட்ட அடி கெடையாதுங்க" என்றார் அவர். "சாவுக்கு ஒண்ணு, நோம்பிக்கு ஒண்ணு. பெரிய மனுசங்க வந்து உக்காரதுக்கு ஒண்ணு இருக்குதுங்க. அதை அடிச்சு மூணு வருசமாச்சு."

"அதையே அடித்துவிடுங்கள்."

"நெசமா வாராருங்களா, உங்க ராசா?"

"நிச்சயமாக வருகிறார்."

"எப்பங்க?"

"அது யாருக்கும் தெரியாது. நாளைக்கே வந்தாலும் வருவார். நாம் தயாராக இருக்க வேண்டும்."

என் விசுவாசத்தை நான் சொன்னேன். நெசமாங்களா என்று இன்னும் இரண்டு முறை கேட்டார், மூன்று முறையும் அடித்துச் சொன்னேன். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு அமர்க்களமாக நடந்தது. என் ஆறு வயசுக்காரி அதட்டிய அதட்டலில் ஒரு கைக்குழந்தை அழுதுவிட்டது. பாட்டு முடிந்த பிறகும் தம்பட்டக்காரர் நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே நடந்து ஊருக்கு வெளியே இருக்கிற பாறைமேல் ஏறி நின்றார். கிழக்கே பார்த்து அடித்தார். கொஞ்ச நேரத்தில் எதிர் முகட்டிலிருந்து இன்னொரு தம்பட்டம் அதே அடியைத் திருப்பிச் சொன்னது. அப்புறம் அதற்கும் அப்பால் ஒன்று. பிறகு எங்கோ சோளக்காட்டுப் பக்கம் ஒன்று, கேட்டும் கேட்காமலும். மலைகள் கூடிக் கும்மாளமிடும் என்று நான் பாடி வைத்தது என் காது கேட்க நடக்கிறது என்று நினைத்தேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, கடவுளே கடவுளே என்று நின்றேன்.

நோயாளி வீட்டிலிருந்து என் கணவர் அவசரமாகத் திரும்பி வந்தார்.

"நாட்டுக் கூட்டத்துக்கு யார் சாட்டினது? எல்லாரும் சாமை அளந்து மூட்டை கட்டுறாங்க."

எனக்கு அந்த அடி எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. அதைக் கேட்ட ஊரெல்லாம் தன் தம்பட்டத்தால் அடுத்த ஊருக்குக் கடத்த வேண்டும். மூன்றாம் நாள் காலை வீட்டுக்கு ஒருவர் ஒரு படி தானியத்தோடு தட்டைக் கல்லுக்கு வந்து சேர வேண்டும். இந்த முறை சேதியும் சேர்ந்து போயிருக்கிறது: ராசா வாராரு, வழக்குக் கேக்க வாராரு.

"திரும்ப அடிச்சு இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க" என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

"கேட்டுப் பார்த்துட்டேன். இல்லைங்கறதுக்கு அவங்ககிட்ட அடி கெடையாதாம்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. அன்று அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை அந்த மேட்டில் அவ்வளவு ஜனத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்கள் எல்லாரும் தலையில் வெளுத்த உருமாலை கட்டியிருந்தார்கள். பெண்கள் தலையில் காட்டுப் பூ. ஒருவர் ராஜாவுக்கென்று இரண்டு ஆள் சுமக்கிற பலாப்பழத்தைக் கொண்டுவந்திருந்தார். ஒரு கிழவர் மலைத்தேன் கொண்டுவந்திருந்தார். மேலூர்ப் பட்டக்காரரும் வந்துவிட்டார், கீழூர்ப் பட்டக்காரரும் வந்துவிட்டார். கூட்டத்தைச் சாட்டியது மற்றவர்தான் என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். நாம் போகாவிட்டால் அவன் உட்கார்ந்துவிடுவான் என்று ஆளுக்கு முந்தி வந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ராசா எங்கீங்க?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் குடத்துக்காரப் பெண் கூட்டத்தின் ஓரத்தில் தானியப் படியோடு நிற்பதைப் பார்த்தேன். கைம்பெண் என்பதால் பூ வைக்கவில்லை, மற்றபடி மஞ்சள் பூசாத முகத்தை நன்றாகக் கழுவி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டியிருந்தார். ராஜா வருவார் என்று வந்திருக்கிறார். நான் முன்னே போய், நடந்ததைச் சொன்னேன். பாட்டுக்காகத் தம்பட்டம் கேட்டேன், எந்த அடி என்று தெரியாமல் கேட்டேன், தப்பு என்னுடையது. ராஜா வருவது நிஜம், ஆனால் இன்றைக்கு என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் கீழூர்ப் பட்டக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப எல்லாரும் ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

"எப்படீங்க போறது?" என்றார் தம்பட்டக்காரர், ரொம்பப் பணிவாக. "சாட்டிக் கூடுன கூட்டம் ஒரு வழக்காச்சும் கேக்காம கலைஞ்சா மழை பொய்ச்சுப் போகும்ங்களே. பெரியவங்களுக்குத் தெரியாததுங்களா?"

பெரியவர்களுக்குத் தெரியும். கூட்டம் முழுக்க ஆமாங்க ஆமாங்க என்றது. வைகாசி மாதத்தில் மழையோடு யார் விளையாடுவார்கள்? ஆக, வழக்குக் கேட்க வேண்டும். வழக்குக் கேட்க வேண்டுமென்றால் கல்லில் உட்கார வேண்டும். மேலூர்க்காரர் ஒரு அடி எடுத்து வைத்தார். கீழூர்க்காரரும் ஒரு அடி எடுத்து வைத்தார். இரண்டு பக்கத்து ஆட்களும் தோளை நிமிர்த்தினார்கள். மூன்று வருஷம் முன்னால் நின்ற அதே இடத்தில் சண்டை மறுபடி நின்றது.

அப்போது அந்தப் பெண் தானியப் படியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்தார். கூட்டத்தில் பெண்கள் பேசுவது அங்கே வழக்கமில்லை. அவர் சத்தமாகவும் பேசவில்லை.

"ராசா வாராருன்னுதானுங்களே எல்லாரும் வந்தோம். இன்னைக்கி வந்தாலும் வருவாரு, நாளைக்கி வந்தாலும் வருவாரு. கல்லை அவருக்கு உட்டு வெச்சிருங்க. நீங்க ரெண்டு சாமியும் இப்படிக் கீழ உக்காருங்க. அவரு வாரவரைக்கும் நீங்க கேட்டா ஆகாதுங்களா?"

சொல்லிவிட்டுத் தன் முந்தானையால் அந்தக் கல்லைத் துடைத்தார். யாரோ உட்காரப் போகிறார்கள் என்பது போலத்தான் துடைத்தார்.

பொறாமை என்றால் அன்றைக்கு எனக்கு வந்ததுதான் பொறாமை. இத்தனை ராஜா சங்கீதத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிற எனக்கு அது தோன்றவில்லை. ராஜா மேலே இருக்கிறார் என்றால் மற்ற எல்லாரும் தரையில்தான் என்று அவற்றில் பக்கம் பக்கமாக இருக்கிறது. குடத்தை இறக்காமல் நின்று கேட்டவருக்குத்தான் அது உறைத்திருக்கிறது.

பட்டக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேலே உட்கார முடியாவிட்டாலும் அவன் உட்காரவில்லையே என்ற நிம்மதி இரண்டு முகத்திலும் ஒரே சமயத்தில் வந்தது. ஒரே சமயத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கல்லுக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். தேன் கொண்டுவந்த கிழவர் தேன்குடுவையைக் கல்மேல் வைத்தார்.

"வழக்கு யாருது?" என்று மேலூர்க்காரர் கேட்டார்.

"எனதுங்க" என்றார் அந்தப் பெண்.

அவர் சொன்னது கொஞ்சம்தான். காடு என்னுடையது, தடம் மாமனார் காலத்திலிருந்து இருக்கிறது, படல் இரண்டு வருஷமாக இருக்கிறது, இது மூணாவது மழை. கொழுந்தனாரைக் கூப்பிட்டார்கள். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், பிடிவாதக்காரர். அண்ணன் சாவுச் செலவில் ஏதோ மனஸ்தாபம், அதில் கட்டிய கயிற்றை அவிழ்க்க மானம் இடம் கொடுக்கவில்லை. தடம் இருந்தது உண்மையா என்று கேட்டபோது அவர் பட்டக்காரர்களைப் பார்க்காமல் வெறும் கல்லைப் பார்த்தார். அதன்மேல் இருந்த தேன்குடுவையைப் பார்த்தார். "இருந்துதுங்க" என்றார்.

நாளைக்குப் பொழுது கிளம்பும்போது கயிற்றை அவரே அவிழ்க்க வேண்டும், படலை அவரே தூக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இரண்டு பட்டக்காரர்களும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒரே குரலில் எதையும் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்கே ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்.

அதன் பிறகு நடந்தது கல்யாணச் சாப்பாடுதான். வந்த சாமையெல்லாம் ஒன்றாகப் பொங்கினார்கள், அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தார்கள், ராஜாவுக்கு வந்த பலாப்பழத்தை வெட்டி எல்லார்க்கும் கொடுத்தார்கள். தேனை மட்டும் யாரும் தொடவில்லை. கிழவர் அதைக் கல்மேலேயே விட்டுவிட்டுப் போனார். என் கணவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த மாசம் எந்த சங்கீதம்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து கத்திப் பாடிப் பாடி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மிஷனுக்கு எழுதிய கடிதத்தில் இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் விழித்தேன். அன்றைக்கு வந்தவர்களில் ஒருவரும் மதம் மாறவில்லை. தங்கள் சாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டுத்தான் விதைக்கப் போனார்கள். பிள்ளைகள் சங்கீதம் ஒன்று நன்றாகப் பாடினார்கள், ஊரார் மகிழ்ந்தார்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். நாங்கள் அங்கே இருந்த ஏழு வருஷமும் கூட்டம் தவறாமல் நடந்தது. ஒருவரும் அந்தக் கல்லில் உட்காரவில்லை. தம்பட்டக்காரரிடம், எல்லாம் தெரிந்துதானே அடித்தீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "வாத்தியாரம்மா வாராருன்னு சொன்னீங்க, நான் அடிச்சேனுங்க" என்றார். அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடியவில்லை.

ஆனால் நான் சாகும்வரை மறக்காமல் வைத்திருப்பது அந்த மறுநாள் காலையைத்தான்.

ராத்திரி மழை பெய்து மண் நெகிழ்ந்திருந்தது. தடத்தருகே பாதி ஊர் கூடிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்க முடியாது என்று நானும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கொழுந்தனார் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். இரண்டு வருஷ மழையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. அவருடைய மகள், என் ஆறு வயசுக்காரி, படலுக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

அந்தப் பெண் வந்தார். முன்னால் இரண்டு மாடு, இரவல் மாடுதான். ஒருவர் கலப்பையைச் சுமந்து வந்தார். இவர் தலையில் விதைச் சாமைக் கூடை. கொழுந்தனார் படலைத் தூக்கினார், ஆள் குனிந்து போகிற அளவுக்குத் தூக்கிக் கவட்டைக் குச்சியால் முட்டுக் கொடுத்தார். அந்த ஊரில் எந்த வாசலுக்கும் எல்லாரும் குனிகிறவர்கள்தான். அந்தப் பெண்ணும் வாழ்நாளெல்லாம் குனிந்தவர்தான். அன்றைக்குக் குனியவில்லை. கூடையைத் தலையில் வைத்தபடி படலுக்கு முன்னால் நின்றார். மாடு இரண்டும் நின்றன.

கொழுந்தனார் இன்னும் கொஞ்சம் தூக்கினார். போதவில்லை. கவட்டைக் குச்சியை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஏந்திப் பிடித்தார்.

படல் மேலே போனதைப் பார்த்ததும் சின்னவளுக்கு வேறொன்றும் ஞாபகம் வரவில்லை போலும். பழக்க தோஷம். இடுப்பில் கையை வைத்தாள், தாடையைத் தூக்கினாள், ஊரே கேட்க அதட்டினாள்.

"யாரு அந்த ராசா?"

பதில் பாட வேண்டிய பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, சைகை காட்டவும் கை எழவில்லை.

அந்தப் பெண் கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"நாந்தாங் கண்ணு, உங்க பெரியம்மா. தள்ளி நில்லு சாமி, மாடு வருது."